களத்துத் தூசும் கப்பல் தூசும்

துறைமுகங்களின் வரலாற்றை எழுதுவோர் அங்கு வந்துபோன மரக்கலங்களை எண்ணுவர். கோட்டை கட்டிய அரசுகளையும் வரி தண்டிய அதிகாரிகளையும் வரிசைப்படுத்துவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கு எவ்வாறு கரைக்கு வந்தது, யார் முதுகில் வந்தது, வரும்போது எழுந்த தூசு யார் வீட்டில் படிந்தது என்னும் கேள்விகளுக்கு அந்நூல்களில் இடம் மிகக் குறைவு. அவ்விடைவெளியில் ஒரு சிறு பகுதியையேனும் நிரப்பலாம் என்பதே நமது எண்ணம்.

சரக்குகள் இருவகை. மூட்டை, பெட்டி, பீப்பாய் எனக் கட்டுண்டு வருவன ஒருவகை. நெல், கோதுமை, நிலக்கரி, இரும்புத்தாது, உப்பு, உரம் போன்று எவ்விதக் கட்டுமின்றிக் கப்பலின் அறைகளில் அப்படியே கொட்டப்பட்டு வருவன மற்றொரு வகை. பின்னதைத் துறைமுகத்தில் பணிபுரிவோர் 'பல்க்' என்றே வழங்குவர். நாம் இங்கு 'மொத்தச் சரக்கு' என்போம். மூட்டைக்குக் காது உண்டு, பிடித்துத் தூக்கலாம். மொத்தச் சரக்குக்குப் பிடி கிடையாது. அதனை அள்ளத்தான் வேண்டும், அள்ளியதைக் கொட்டத்தான் வேண்டும். இந்த அள்ளலுக்கும் கொட்டலுக்கும் மனிதன் கண்ட கருவிகளின் கதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கதையாகும். அக்கதையில் வேகம் முன்னே வந்தது. தூய்மை மிகவும் பின்தங்கி, அதுவும் பிறர் இழுத்து வந்த பிறகே வந்தது.

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் பஃபலோ என்றொரு நகரம் உண்டு. 1825-ல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டதும் மேற்குப் புறத்து வயல்களின் கோதுமையெல்லாம் ஏரிக் கப்பல்களில் அந்நகருக்கு வந்து, கால்வாய்ப் படகுகளுக்கு மாறி, நியூயார்க் நோக்கிச் சென்றது. மாற்றும் வேலையைச் செய்தோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். கப்பலின் அடியறையில் கோதுமையை அள்ளிப் பீப்பாயில் நிரப்பி மேலே ஏற்றுவர். அளந்தபின் முதுகில் சுமந்து கிடங்கில் சேர்ப்பர். மழை வந்தால் வேலை நிற்கும். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்கணக்கில் காத்துக்கிடக்கும்.

இந்நிலையில் ஜோசப் டார்ட் என்னும் வணிகர், ராபர்ட் டன்பர் என்னும் பொறியாளரின் துணையோடு 1842-ல் ஓர் இயந்திரக் கிடங்கு கட்டினார். நீண்ட தோல்வாரில் வரிசையாகச் சிறு வாளிகள். வாரைச் சுழற்ற நீராவி. வாளிகள் கப்பலின் அறைக்குள் இறங்கிக் கோதுமையை மொண்டு, மேலேறிக் கவிழ்த்துவிட்டு, மீண்டும் இறங்கும். பணி தொடங்குமுன் நண்பர் ஒருவர் டார்ட்டை எச்சரித்தாராம்: அயர்லாந்துக்காரனின் முதுகைவிட மலிவான இயந்திரம் உலகில் இல்லை, வீண் செலவு செய்யாதே என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். டார்ட் கேட்கவில்லை. ஒரு கப்பல் பிற்பகலில் வந்து நாலாயிரம் புஷல் கோதுமையை இறக்கிவிட்டு, உப்பை ஏற்றிக்கொண்டு அன்றே புறப்பட்டது; இரண்டாம் முறை கோதுமை ஏற்றி வந்து இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், முதல் முறை தன்னோடு பஃபலோவுக்கு வந்த கப்பல்கள் அப்போதுதான் ஊர் திரும்பிக்கொண்டிருக்கக் கண்டது. இதனை டார்ட்டே எழுதிவைத்துள்ளார்.

வாளிவார் டார்ட்டின் சொந்தக் கற்பனையன்று. ஆலிவர் இவான்ஸ் என்பார் மாவாலைகளுக்காக முன்பே அமைத்ததைத்தான் தாம் எடுத்தாண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். அரபு நூல்களில் பழகியவர்க்கு இக்கருவி அதனினும் பழைய அறிமுகம். நீரிறைக்கும் 'ஸாகியா'வில் ஒரே சுழற்சியில் பல கலயங்கள் இறங்கி நிறைந்து ஏறிக் கவிழும். நம் நாட்டுக் கவலை ஏற்றத்தில் ஒரு சால் செய்யும் வேலையை அங்கே சங்கிலியில் கோத்த பல கலயங்கள் இடைவிடாது செய்தன. தியார்பக்கிர் அரசவையில் பணிபுரிந்த அல்ஜஸரீ, ஹிஜ்ரி 602-ல், அதாவது 1206-ல் முடித்த பொறிக்கலை நூலில் இவ்வகை நீரேற்றிகளைப் படங்களோடு விளக்கியுள்ளார். நீருக்கு அமைந்தது தானியத்துக்கு மாற அறுநூறு ஆண்டுகள் சென்றன என்றால், அறிவு போதாமையைவிட முதுகின் மலிவே அதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இக்கருத்துக்குப் போர்ட் சயீதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சூயஸ் கால்வாய் 1869-ல் திறக்கப்பட்டபின், கீழ்த்திசை செல்லும் நீராவிக் கப்பல்கள் கரி நிரப்பிக்கொள்ளும் பெருந்துறையாக அந்நகர் வளர்ந்தது. பிரிட்டனில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி அங்கு வந்து குவியும். பஃபலோவில் வாளிவார் சுழலத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சென்றபின்னும், போர்ட் சயீதில் கரி மனிதர் தலையிலேயே ஏறியது. சாய்வுப் பலகையில் கூடைகளோடு ஒரு வரிசை ஏற, வெறுங்கூடைகளோடு மற்றொரு வரிசை இறங்க, இரவு முழுதும் தீவட்டி வெளிச்சத்தில் வேலை நடக்கும். கப்பலின் மேல்தட்டிலிருந்து அக்காட்சியைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் வியந்து வருணித்துள்ளனர். வருணனைகளில் தூசு உண்டு; அத்தூசை உண்டவனின் நெஞ்சு எப்படியிருந்தது என்பது இல்லை. அத்தொழிலாளர்களே 1882-ல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். எகிப்தின் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் அதனை அந்நாட்டின் முதல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாகக் குறிக்கின்றனர்.

இயந்திரம் வந்த இடத்திலும் தொழிலாளர்க்கு நிம்மதி பிறக்கவில்லை. லண்டன் மில்வால் துறைப் பொறியாளர் டக்கம், 1890-களில் காற்றை உறிஞ்சித் தானியத்தைக் குழாய்வழி இழுக்கும் கருவியை அமைத்தார். மிதவையில் ஏற்றிய அத்தகைய உறிஞ்சிகள் 1905-ல் ராட்டர்டாமுக்கு வந்தபோது, தானியத்தை மூட்டை பிடிப்போரும் எடை போடுவோரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1907-ல் பூசல் மீண்டும் மூண்டது. இறுதியில் இயந்திரமே வென்றது. ஒன்று கவனிக்கத்தக்கது. குழாய்க்குள் தானியம் செல்வதால் வெளியே தூசு குறைவு. ஆயினும் எந்த முதலாளியும் அதனை அந்தக் காரணத்துக்காக வாங்கவில்லை. நேரமும் கூலியும் மிச்சம் என்பதற்காகவே வாங்கினர். தூய்மை கேட்காமல் கிடைத்த உபரி.

தூசு என்பது அழுக்கு மட்டுமன்று என்பதை உலகம் உணர்ந்த ஆண்டு 1977. அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெஸ்ட்விகோ என்னுமிடத்தில் ஏற்றுமதித் தானியக் கிடங்கு ஒன்று வெடித்துச் சிதறி 36 பேர் மாண்டனர். வெடிமருந்து எதுவும் அங்கில்லை. காற்றில் மிதந்த தானியத் தூசில் பொறி பட்டதே காரணம். ஐந்து நாட்களில் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வஸ்டன் துறையிலும் அதேபோல் மற்றொன்று வெடித்தது. அதன்பின் பத்தாண்டு வாதங்களுக்குப் பிறகு, 1987-ன் இறுதியில் அந்நாட்டு அரசு தானியக் கிடங்குகளுக்கென விதி வகுத்தது. ஆபத்தான இடங்களில் படியும் தூசு எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைத் தாண்டினால் உடனே அகற்ற வேண்டும் என்பது அதிலொன்று. எட்டில் ஒரு பங்கு அங்குலம்! வீட்டில் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்குத் தெரிந்த கணக்குச் சட்டப் புத்தகத்தில் ஏற எத்தனை சவப்பெட்டிகள் தேவைப்பட்டன!

நிற்க. நம் சென்னைக்கு வருவோம்.

இயற்கைத் துறைமுகம் சென்னைக்கு இல்லை. அலைவாய்க்கு அப்பால் கப்பல் நிற்க, மசூலாப் படகுகளே சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1872 புயலில் அது உடைந்தது. 1870-களின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். அதனையும் 1881 புயல் தாக்கியது. 1904-ல் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி, துறைமுகத்தை நிலைபெறச் செய்தார். அவர் பெயரைப் பலரும் அறிவர், ஆதலின் விரிக்கவில்லை.

மொத்தச் சரக்கின் பெருவரவு விடுதலைக்குப் பின்னரே. பஞ்சம் சூழ்ந்த 1966-ல் மட்டும் நம் நாடு இறக்குமதி செய்த தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன். பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அது அங்கே கப்பலில் மொத்தமாகக் கொட்டப்பட்டு வந்தது. இங்கோ ரயில் பெட்டியும் கிடங்கும் ரேஷன் கடையும் சாக்கு மூட்டையை நம்பியே இருந்தன. ஆகவே அந்நாட்டின் இயந்திரம் நொடியில் கொட்டியதை நம் தொழிலாளர் மீண்டும் சாக்கில் அள்ளித் தைத்தனர். உறிஞ்சு கருவிகள் வந்தபின்னும் சாக்கு நீங்கவில்லை. ஒரு துறைமுகத்தில் கருவியை மட்டும் புதுப்பித்துவிட்டு, அதன் பின்னே நிற்கும் ரயிலையும் கிடங்கையும் பழையபடி விட்டால் என்னவாகும் என்பதற்கு இதுவே பாடமாகும்.

பல்லாரி, ஹொஸ்பேட்டைச் சுரங்கங்களின் இரும்புத்தாது ரயிலில் சென்னைக்கு வந்து கப்பலேறியது. அதற்கெனப் பாரதி துறையில் 1977-ல் முழு இயந்திர ஏற்பாடு செயற்படத் தொடங்கியது. ரயில் பெட்டியை அப்படியே பற்றிக் கவிழ்க்கும் பொறி ஒன்று. கவிழ்ந்த தாதுவை ஏந்திச் செல்லும் நெடிய ஓடுவார். முற்றத்தில் மலைபோல் குவிக்கும் பொறி மற்றொன்று. குவியலைச் சக்கர வாளிகளால் மீண்டும் அள்ளும் பொறி வேறொன்று. இறுதியில் கப்பலின் வாயில் நீட்டிப் பொழியும் கை. ஆண்டுக்கு 80 லட்சம் டன் ஏற்றும் திறனோடு அமைந்த அவ்வேற்பாட்டைக் காண்பதே வியப்பு என்பர். வெஸ்ட்விகோ வெடித்த அதே ஆண்டு அது என்பதும், உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் 1894 முதல் எரிந்த கலங்கரை விளக்கு மெரினாவுக்குப் பணியைக் கையளித்ததும் அவ்வாண்டிலேயே என்பதும் தற்செயல்தான். ஆயினும் சொல்லாமல் விட மனமில்லை.

தாதுவுக்குக் கிடைத்த கருவி நிலக்கரிக்குக் கிடைக்கவில்லை. அனல் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் வந்த கரி, 1964-ல் திறந்த ஜவாஹர் துறை முதலிய இடங்களில் பழைய முறையிலேயே இறங்கியது. பாரந்தூக்கியின் நுனியில் இரும்புக் கவ்வி. அது வாய் திறந்து கப்பலுக்குள் இறங்கிக் கடித்தெடுத்து, வெளியே வந்து உயரத்தில் வாய் திறக்கும். கரி விழும். விழுந்ததை இயந்திர அள்ளி லாரியில் கொட்டும். லாரி முற்றத்தில் கொட்டும். முற்றத்துக் குவியலைக் காற்று அரிக்கும். லாரிச் சக்கரம் தரையில் சிந்தியதை மாவாக அரைத்துத் தெருவுக்குக் கொண்டுசெல்லும்.

தூசின் இயல்பை அறிந்தால் பிறவெல்லாம் விளங்கும். சரக்கு ஓடுவாரில் அமைதியாகப் படுத்திருக்கும்போது தூசு எழுவதில்லை. எங்கே விழுகிறதோ அங்கே எழுகிறது. விழும் உயரம் கூடக் கூட, உள்ளேயுள்ள காற்றைச் சரக்கு பிதுக்கித் தள்ளுகிறது. அக்காற்றில் நுண்துகள் ஏறிக்கொள்கிறது. கவ்வியின் வாய் சரியாகப் பொருந்தாவிடில் வழியெல்லாம் கசியும். ஆகவே, தூய்மைக்கான கருவிகள் யாவும் மூன்றே காரியத்தைச் செய்கின்றன: விழுதல்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், விழும் உயரத்தைக் குறைத்தல், விழும் இடத்தை மூடுதல். கவ்விக்குக் கீழே வைக்கும் பெருந்தொட்டியின் விளிம்பில் உறிஞ்சிகளை வைத்துத் தூசை உள்ளிழுப்பது இவ்வகை. ஓடுவாரின் மேல் கூரையிடுவது, அல்லது வாரையே குழாய்போல் சுருட்டிச் சரக்கை அதனுள் ஓட்டுவது இவ்வகை. சுவீடன் நாட்டினர் 1970-களில் கொணர்ந்த திருகு இறக்கி இன்னும் நயமானது: மூடிய குழாய்க்குள் சுழலும் திருகு கப்பலின் அடியிலிருந்து சரக்கை இடைவிடாது மேலேற்றுகிறது, கவ்வியும் இல்லை, கொட்டலும் இல்லை. நீரேற்றும் திருகை ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்குவதை நாம் அறிவோம். கலயச் சங்கிலி தானியத்துக்கு வந்ததுபோல் திருகும் வந்து சேர்ந்தது.

நீர் தெளிப்பதும் ஒரு வழியே, மலிவானது. ஆனால் சிமெண்டும் கோதுமையும் நீர் தாங்கா. கரிக்கு நீரை மிகுத்தால் எரிதிறன் குறையும். கறுத்த நீர் ஓடிக் கடலில் கலக்கும். காற்றிலிருந்து எடுத்து நீரில் விடுவதைத் தூய்மை என்று ஒப்ப நமக்கு மனம் வரவில்லை.

சென்னைத் துறைமுகத்தின் மதிலை ஒட்டியே ராயபுரமும் மண்ணடியும் உள்ளன. நம் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெருக்கள் அவை. மீனவர் குடியிருப்புகளும் தொழிலாளர் வீடுகளும் அவற்றோடு நெருங்கிக் கிடக்கின்றன. கடற்காற்றுக்காக வீடு கட்டிய ஊரில், கடற்காற்று வந்தால் சன்னலைச் சாத்தும் நிலை ஏற்பட்டது. மாடியில் உலர்த்திய துணியில் கரி, குடிநீர்த் தொட்டியில் கரி, இருமும் குழந்தைகள். மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். நீர் தெளிப்பு, தடுப்புச்சுவர் எனச் சில பரிகாரங்கள் வந்தன, தூசு நிற்கவில்லை.

இவ்வழக்கை எண்ணுந்தோறும் நமக்கு நினைவில் எழுவது 'மஜல்லா'. உதுமானியப் பேரரசின் குடிமைச் சட்டத் தொகுப்பாகிய அது, அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்டது. அண்டை வீட்டாரின் உரிமை பற்றிய பகுதியில் 'ளரர் ஃபாஹிஷ்' எனப்படும் மிகைத் தீங்கை அது வரையறுக்கிறது. பக்கத்து வீட்டால் காட்சி மறைந்தது, காற்றோட்டம் குறைந்தது என்பவற்றை அது அவ்வகையில் சேர்க்கவில்லை. சட்டம் அவ்வளவு மென்மையானதன்று. ஆனால் வீட்டருகே ஒருவர் களம் அமைத்து, அக்களத்துப் புழுதியால் வீட்டுக்காரர் குடியிருக்க இயலாது போனால், அத்தீங்கு நீக்கப்பட்டே ஆகவேண்டும் என்கிறது. களம் பயனற்றது என்றோ, களத்துக்காரர் கெட்டவர் என்றோ கூறவில்லை. ஊருக்குச் சோறு போடுவது களம்தான். எனினும் அதன் புழுதியை அண்டைவீட்டார் உண்ணவேண்டும் என்ற கட்டாயமில்லை. தானியத்தைத் தூற்றும் களமும் கரியைக் கொட்டும் துறையும் அடிப்படையில் ஒரே தொழிலைச் செய்பவை: இரண்டிலும் சரக்கு உயரத்திலிருந்து விழுகிறது, காற்று துகளைப் பிரிக்கிறது.

சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் இவ்வழக்கில் ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. துறைமுகத்துக்கு வருமானம் குறைந்தது. லாரித் தொழிலை நம்பியோர் கவலையுற்றனர். நீதிமன்றமும் துறைமுகத்துக்கு எதிரே, சாலைக்கு இப்பால்தான் இருக்கிறது. காற்றின் வழியில் அமர்ந்தே நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள் எனலாம். இரும்புத்தாதின் கதை வேறு காரணத்தால் முடிந்தது. கர்நாடக அரசு 2010-ல் தாது ஏற்றுமதியைத் தடை செய்ததும், 1977-ன் அப்பெரும் பொறிகளுக்கு வேலை அற்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மூடிய ஓடுவாரும் உறிஞ்சு தொட்டியும் உலகில் இருக்க, கரியை ஊரைவிட்டே அகற்றியது ஏன்? முன்கூட்டியே அக்கருவிகளைக் கரிக்கும் பூட்டியிருந்தால் வழக்கே எழுந்திராது என்பது நம் துணிபு. தூசாய்ப் பறப்பதும் சரக்குதான். சிந்தாமல் காப்பது வணிகர்க்கும் இலாபமே. ஆனால் பறந்துபோகும் கரியின் விலை புதிய கருவியின் விலையைவிடக் குறைவாயிருக்கும்வரை கணக்கப்பிள்ளை அதனைப் பொருட்படுத்துவதில்லை. பறந்த கரி சலவை செய்பவளின் நேரத்திலும் மருத்துவச் செலவிலும் விழுந்ததை எழுத அவருடைய பேரேட்டில் பத்தி இல்லை. முதுகு மலிவென்று டார்ட்டை எச்சரித்த நண்பரின் கணக்கும் இதுவே. அங்கே முதுகு, இங்கே மூச்சு.

கரி சென்ற இடம், வடக்கே இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எண்ணூர்த் துறைமுகம். பின்னர் காமராசர் பெயரைப் பெற்றது. 2001-ல் திறக்கப்பட்ட அது, வடசென்னை அனல் மின்நிலையத்துக்குக் கரி இறக்கவே முதலில் திட்டமிடப்பட்டது. கப்பலிலிருந்து கரையோர இறக்கிகள் கரியை எடுக்க, ஓடுவார்கள் அதனை நேரே மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இடையில் லாரி இல்லை. ஆகவே பல விழுதல்கள் இல்லை. ஜவாஹர் துறைக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டியது அங்கே தொடக்கத்திலேயே கிடைத்தது.

எண்ணூரிலும் மனிதர் வாழ்கின்றனர். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் மீனவர் ஊர்கள் பல அங்குள்ளன. ஓடுவாரில் தூசெழாது சென்ற கரி, மின்நிலையத்தில் எரிந்து சாம்பலாயிற்று. நீரோடு கலந்து குழாய்வழிக் குட்டைக்குச் சென்ற அச்சாம்பல், குழாய் கசிந்த இடங்களில் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர்; 2022-ல் தீர்ப்பு வந்தது. மண்ணடியில் மாடித் துணி வெள்ளையாக உலர்கிறது. எண்ணூரில் வலை வீசுவோர் சாம்பற் சேற்றில் இடுப்பளவு நின்றபடி, ஆறு பழைய ஆழத்துக்கு எப்போது தூர்வாரப்படும் என்று கேட்டனர்.